பட்டியலில் யார் பெயர்?

கடந்த கல்வியாண்டு, ஜனவரி மாதம், ஒரு நூலக வேளை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பழைய ஆனந்த விகடன் இதழைப் பிரித்துப் பிடித்தபடி என் மேசைக்கு வந்தாள். 'டாப் 10 இளைஞர்கள்' என்ற தலைப்பில் வரிசையாகப் படங்கள்.

"டீச்சர், இதுல நம்ம பேரு வரணும்னா எங்க எழுதிப் போடணும்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான். "எழுதிப் போடுறதெல்லாம் இல்லம்மா. பத்திரிகைக்காரங்களே பார்த்துத் தேர்ந்தெடுப்பாங்க" என்றேன். அவள் விடவில்லை. "நம்ம ஊர்ல யாரு என்ன செய்யிறாங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வி என்னைத் தைத்ததற்குக் காரணம் உண்டு. அப்போது என் பைக்குள்ளேயே ஒரு பட்டியல் இருந்தது. ஆண்டு விழா மலரில் 'நம் பள்ளியின் இளம் தலைவர்கள் 10 பேர்' என்று ஒரு பக்கம் போடலாம் எனத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். பொறுப்பு என்னுடையது. முதல் நாள் மாலை, பேருந்துக்குக் காத்திருந்த பத்து நிமிடத்தில் பத்துப் பெயர்களையும் எழுதி முடித்திருந்தேன். மகிழ் முற்றம் குழுத் தலைவர்கள் ஐந்து பேர், கலைத் திருவிழாவில் பரிசு வாங்கியவர்கள் மூன்று பேர், வகுப்பில் முதலாவதாக வருகிற இரண்டு பேர். 'எப்படித் தெரியும்?' என்று அவள் கேட்டது பத்திரிகையைப் பற்றித்தான். பதில் சொல்ல வேண்டியவள் நானாகவும் இருந்தேன்.

பட்டியலை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, சமூக அறிவியல் பாடவேளைகளில் நான்கை இதற்கென ஒதுக்கினேன். ஆலங்குடி வட்டத்தில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளி எங்களுடையது. அந்த நான்கு பாடவேளைகளில் நடந்ததையும், நான் திருத்திக்கொள்ள நேர்ந்ததையும் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதல் பாடவேளையை மொய் நோட்டிலிருந்து தொடங்கினேன். ஆடி பிறந்தால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமெல்லாம் மொய் விருந்துதான். பட்டியல் என்றால் என்னவென்று எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. யார், எந்த ஊர், எவ்வளவு என்று எழுதும் கையையும் எண்ணும் கையையும் பக்கத்திலேயே நின்று பார்த்து வளர்ந்தவர்கள். "மொய் நோட்டில் யார் பெயர் இருக்கும்?" என்று கேட்டேன். பணம் கொடுத்தவர் பெயர் என்றார்கள். "விருந்துக்கு வந்தவர்களில் யார் பெயர் இருக்காது?" என்று கேட்டதும் ஒரு நொடி அமைதி. பிறகு கொட்டினார்கள்: கறி வெட்டியவர், இலை போட்டவர், பந்தல்காரர், தண்ணீர் டிரம் சுமந்த அண்ணன், பாத்திரம் தேய்த்த அத்தை. கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவன், "எழுதுறவரு பேரும் இருக்காது டீச்சர்" என்றான். அதைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடிட்டேன். எந்தப் பட்டியலிலும் எழுதுகிறவர் பெயர் இருப்பதில்லை. ஆனால் எதை எழுதுவது என்று முடிவு செய்வது அவர்தான்.

மொய் நோட்டில் ஒரு நேர்மை உண்டு. அதன் அளவுகோல் ஒன்றே ஒன்று, அது ரூபாய் என்பது எல்லோருக்கும் தெரியும். பத்திரிகைப் பட்டியல்களில் அந்த அளவுகோல் வெளியே தெரிவதில்லை. இரண்டாம் பாடவேளையில் அதைத்தான் தேடினோம்.

'டைம்' இதழின் 'ஆண்டின் மனிதர்' தேர்வு 1927ஆம் ஆண்டுக்காகத் தொடங்கியது. அட்லாண்டிக் பெருங்கடலைத் தனி ஆளாக, இடைநிற்காமல் விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க்தான் முதல்வர். அப்போது அவருக்கு வயது 25. அவர் பறந்த மே மாதத்தில் அட்டைப்படத்தில் போடத் தவறிவிட்டார்கள்; அந்தக் குறையை ஆண்டு முடிவில் சரிக்கட்டவே இந்தத் தேர்வைத் தொடங்கினார்கள் என்று அந்த இதழைப் பற்றிச் சொல்லப்படுவதுண்டு. பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. 1930இல் காந்தியடிகள் என்றதும் கைதட்டினார்கள். 1938இல் ஹிட்லர் என்றபோது வகுப்பு உறைந்துவிட்டது. "கெட்டவரைப் போய் எப்படிப் போட்டாங்க?" என்று ஒருத்தி கோபமாகவே கேட்டாள். நல்லதோ கெட்டதோ, அந்த ஆண்டின் போக்கை அதிகம் பாதித்தவர் என்பதே அவர்கள் வைத்துள்ள அளவுகோல். இதை நானாக முந்திச் சொல்லவில்லை. 'இரண்டு பேருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது?' என்று மட்டும் கேட்டு நிறுத்தினேன். ஐந்து நிமிடத்தில் ஒரு குழு கண்டுபிடித்தது.

பிறகு இளைஞர் பட்டியல்களுக்கு வந்தோம். 'ஃபோர்ப்ஸ்' இதழ் 2011இல் '30 அண்டர் 30' என்ற பட்டியலைத் தொடங்கியது. முப்பது வயதுக்குட்பட்ட முப்பது பேர், துறைவாரியாக. இந்தியப் பதிப்பும் 2014 முதல் இப்படி ஒன்றை வெளியிடுகிறது. இதற்குப் பரிந்துரை அனுப்பலாம், இதழாளர்கள் விசாரிப்பார்கள், நடுவர்கள் தேர்வு செய்வார்கள். ஆக, 'எங்க எழுதிப் போடணும்' என்ற கேள்விக்குச் சிரித்த நாங்கள்தான் தவறு. எழுதிப் போடுகிற வழி உண்டு. அதை வகுப்பில் சொல்லி அந்தப் பெண்ணிடம் வருத்தம் தெரிவித்தேன். எழுதிப் போடத் தெரிந்தவர்கள், எழுதிப் போட ஆள் வைத்திருப்பவர்கள் முந்திக்கொள்ளவும் அதே வழிதான் என்பதை அவளே அடுத்து சொன்னாள்.

இந்தப் பட்டியல்கள் எவ்வளவு சரியாக முன்கூட்டிச் சொல்கின்றன? இரண்டு எடுத்துக்காட்டுகள் தந்தேன். 'டைம்' இதழ் 1974 ஜூலையில் அமெரிக்காவின் வருங்காலத் தலைவர்கள் என்று 45 வயதுக்குட்பட்ட 200 பேரைப் பட்டியலிட்டது. அதில் 31 வயதுச் செனட் உறுப்பினர் ஒருவர் இருந்தார், பெயர் ஜோ பைடன். அவர் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றது 2021இல், தம் 78ஆம் வயதில். பட்டியல் பலித்தது என்று சொல்லலாம், 46 ஆண்டுகள் கழித்து. இன்னொரு பக்கம் சாம் பேங்க்மேன்-ஃபிரைட். கிரிப்டோ நாணயச் சந்தை நடத்திய இளைஞர். ஃபோர்ப்ஸின் 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்றவர். வாடிக்கையாளர் பணத்தில் மோசடி செய்ததாக 2023 நவம்பரில் குற்றம் உறுதிசெய்யப்பட்டு, 2024 மார்ச்சில் 25 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். 2023 இறுதியில் ஃபோர்ப்ஸ் இதழே, தாங்கள் தேர்ந்தெடுத்தவர்களில் திரும்பப் பெற விரும்பும் பத்துப் பேர் என்று அவர் பெயரையும் சேர்த்து ஒரு பட்டியல் வெளியிட்டது. பட்டியலைப் பற்றியும் ஒரு பட்டியல்! பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அந்த இதழின் மீது மரியாதை கூடியது என்பதையும் சொன்னேன். நம் மதிப்பெண் பதிவேட்டில் எத்தனை பேருக்கு நாம் அப்படித் திரும்ப எழுதியிருக்கிறோம்?

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தி. பொதுத்தேர்வில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு 2017இல் கைவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் தேர்வு முடிவு நாளன்று எங்கள் ஆசிரியர் அறை எப்படி இருந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. இப்போதைய பிள்ளைகளுக்கு அந்த வரிசை தெரியாது. ஆனாலும் 'பத்து இளைஞர்கள்' என்று காட்டியவுடன் அவர்கள் முதலில் கேட்டது, "இதுல முதல் இடம் யாருக்கு?" என்பதுதான். இந்த இதழ்ப் பட்டியல்களில் பெரும்பாலானவற்றுக்கு 1, 2, 3 என்ற வரிசையே கிடையாது என்று சொன்னால் ஏமாற்றமாகப் பார்க்கிறார்கள். வரிசையை நாம் எடுத்துவிட்டோம். அதைத் தேடும் கண்ணை எடுக்கவில்லை.

திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கரைப் பற்றி அன்றைக்கே பேசினோம். தெருவில் துணி தேய்ப்பவர்கள் கரியை எரிப்பதைப் பார்த்து, சூரிய ஆற்றலில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்த மாணவி. 2021இல் எர்த்ஷாட் பரிசுக்கான இறுதிச் சுற்றுக்கு உலகெங்குமிருந்து தேர்வான 15 பேரில் ஒருவர், அப்போது வயது 14. பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசினார். வெற்று வாக்குறுதி தந்து ஏமாற்றிய தலைவர்கள் மீது தன் தலைமுறை கோபமாக இருக்கிறது என்பது அந்தப் பேச்சின் சாரம். பேச்சின் காணொலியைத் திறன் வகுப்பறையில் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் ஒரு மாணவன், "பெரியவங்க செய்ய வேண்டியத இவங்க செஞ்சிருக்காங்க. அப்புறம் பெரியவங்களே கைதட்டுறாங்க" என்றான். அன்று அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டேன். அது எனக்குச் சொன்னதுதான் என்று புரிய இன்னும் ஒரு வாரம் ஆனது.

வீட்டுப்பாடமாக ஒரே ஒரு கேள்வி கொடுத்தேன்: உங்கள் வீட்டில் பாட்டிக்கோ பெரியம்மாவுக்கோ சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது யார்?

புதுக்கோட்டை ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிற மாவட்ட நண்பர்களுக்காகச் சொல்கிறேன். 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுதப் படிக்கக் கற்பதோடு பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதும் இயக்கத்தின் பகுதியானது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதற்கு முழு ஊக்கம் தந்தார். 1992 உலக மகளிர் நாளன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரையால் உலகின் பல பகுதிகளுக்கும் இந்தச் செய்தி போனது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. பெண்கள் சைக்கிள் கிடைக்காமல், நடுவில் பார் வைத்த ஆண்கள் சைக்கிளில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் அம்மா பழகியது இன்றும் கண்ணில் நிற்கிறது. இரண்டு முறை வேலிக்குள் போய் விழுந்தார்.

மறுநாள் பிள்ளைகள் கொண்டுவந்த பதில்கள் எனக்குப் புதியவை. ஆட்சியர் பெயரைச் சொன்ன பாட்டிகள் சிலர் இருந்தார்கள். ஆனால் கற்றுக்கொடுத்தது யார் என்ற கேள்விக்கு வந்தவை எல்லாம் வேறு மாதிரி பதில்கள்: பக்கத்துத் தெருப் பெண், பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள், மேலத்தெரு அண்ணன், அறிவொளித் தொண்டர், 'அந்தப் பிள்ளை இப்போ திருப்பூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்துப் போயிருச்சு, பேரு மறந்துபோச்சு.' பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். சாயங்காலம் வேலை முடிந்து வந்த பெண்களுக்கு, சைக்கிளின் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியவர்கள். 'முப்பது வயதுக்குட்பட்ட முப்பது பேர்' என்று 1991இல் யாராவது பட்டியல் போட்டிருந்தால், எங்கள் ஒன்றியத்தில் மட்டும் அதற்கு ஆள் அதிகமாக இருந்திருக்கும். என் அம்மாவிடமும் அன்று இரவு கேட்டேன். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பெயர் நினைவிருந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

வயது வரம்பைப் பற்றியும் கொஞ்சம். ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் முத்துலெட்சுமி ரெட்டியைப் படித்திருந்தார்கள். நம் ஊர்க்காரர் என்பதில் பெருமை. அவர் 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பெண் என்பதால் மன்னர் கல்லூரியில் சேர எதிர்ப்பு வந்தபோது, மன்னரின் ஆதரவோடு சேர்ந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். முப்பது வயது ஆனபோது, அதாவது 1916இல், எந்த இதழ் அவரைப் பட்டியலிட்டிருந்தாலும் 'பெண் மருத்துவர்' என்றுதான் எழுதியிருக்கும். சட்டமன்றத் துணைத் தலைவரானது நாற்பதில். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் தொடங்கியபோது வயது 67. ஒரு காலக்கோடு வரைந்து, முப்பதில் ஒரு செங்குத்துக் கோடு போடச் சொன்னேன். கோட்டுக்கு வலப்பக்கம்தான் எல்லாம் நிரம்பி வழிந்தது. கணக்கு ஆசிரியர் இந்தக் காலக்கோட்டைத் தம் வகுப்புக்கும் எடுத்துப் போனார்.

மூன்றாம் பாடவேளையில் எங்கள் சொந்தப் பட்டியல். வகுப்பை ஐந்து குழுவாகப் பிரித்தேன். ஒவ்வொரு குழுவும் தானே ஓர் அளவுகோலை முடிவு செய்து, அதன்படி பள்ளியில் விசாரித்துப் பெயர்களைக் கொண்டுவர வேண்டும். ஒரு குழு பரிசுகளை எண்ணியது. ஒரு குழு ஆசிரியர்களிடம் கேட்டது. இன்னொன்று மேடையில் பேசியவர்களைத் தேடியது. இந்த மூன்றும் கொண்டுவந்த பெயர்கள் ஏறக்குறைய என் இழுப்பறைப் பட்டியலிலேயே இருந்தன. நான்காம் குழு, மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, குழாயை மூடுவது என்று வேலைகளைப் பார்த்துக் குறித்தது. அதில் சில புதுப் பெயர்கள் வந்தன. ஐந்தாம் குழு ஆறாம் வகுப்புக்குப் போய் எல்லோருக்கும் ஒரு துண்டுத்தாள் கொடுத்து, ஒரே கேள்வி கேட்டது. கேள்வியை உருவாக்கியவள் நூலகத்தில் என்னிடம் வந்த அதே மாணவி: 'பயமா இருந்தாலோ உடம்பு சரியில்லாமப் போனாலோ எந்த அண்ணன்கிட்ட, எந்த அக்காகிட்ட போவ?'

ஆறாம் வகுப்பில் 31 பேர். அவர்களில் 13 பேர் ஒரே பெயரை எழுதியிருந்தார்கள். என் பத்துப் பேரில் அவன் இல்லை. இருக்கவும் முடியாது. காலைத் தாமத வருகைப் பதிவேட்டில் அந்த ஆண்டு அதிகம் இடம்பெற்ற பெயர் அவனுடையது. அதில் பாதிக்கு மேல் என் கையால் எழுதியவை. ஒருமுறை ஒரு பாடவேளை முழுக்க வெளியே நிற்க வைத்திருக்கிறேன். காரணம் கேட்காமல் இல்லை, கேட்டேன். "பஸ் லேட்டு டீச்சர்" என்றான். அதே பேருந்தில் வருகிற மற்றவர்கள் இறைவணக்கத்துக்கு ஓடியாவது வந்து சேர்ந்துவிடுகிறார்களே என்று நான் நம்பவில்லை.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் துண்டுத்தாளிலேயே காரணம் எழுதியிருந்தார்கள். காலைப் பேருந்தில் மூன்று குக்கிராமங்களிலிருந்து தொடக்கப் பள்ளிக் குழந்தைகளும் வருகிறார்கள். வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு சன்னலோரம் இடம் பிடித்துக் கொடுப்பது அவன். பைகளை வாங்கி மடியில் அடுக்கிக்கொள்வது அவன். இறங்கியதும் மற்றவர்கள் பள்ளிக்கு ஓட, அவன் மட்டும் சின்னப் பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராகக் கைபிடித்து நெடுஞ்சாலையைக் கடக்க வைக்கிறான். எதிரே உள்ள தொடக்கப் பள்ளியில் காலை உணவுக்கு அவர்கள் உட்காரும்வரை நின்று பார்த்துவிட்டு, பிறகு நம் பள்ளிக்கு வருகிறான். இந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் போன ஆண்டுவரை அவன் கைபிடித்துச் சாலையைக் கடந்தவர்கள். அவன் சொன்னதும் பொய்யில்லை. பேருந்து தாமதம்தான். மீதியை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மதிய இடைவேளையில் அவனைத் தனியாக அழைத்தேன். நடந்ததைச் சொல்லி, வெளியே நிறுத்தியதற்காக மன்னிப்புக் கேட்டேன். மலரில் உன் பெயரைப் போடப் போகிறோம் என்றேன். மகிழ்வான் என்று எதிர்பார்த்தேன். முகம் மாறிவிட்டது.

"பேரு வேணாம் டீச்சர்."

"ஏம்ப்பா?"

"நான் லேட்டா போறது அம்மாவுக்குத் தெரியாது. லேட்டு சீட்டுல அப்பாயிதான் கையெழுத்துப் போடும். புத்தகத்துல வந்தா தெரிஞ்சிரும். அம்மா திட்டும். 'உன் படிப்பக் கெடுத்துக்கிட்டு ஊரான் பிள்ளைய எதுக்குப் பாக்குற'ன்னு சொல்லும்."

அவன் அம்மா சொல்லக்கூடியது தவறா? நான் அன்று இரவெல்லாம் யோசித்தது இதைத்தான். பதினான்கு வயதுப் பையன் தினமும் பன்னிரண்டு குழந்தைகளை நெடுஞ்சாலையைக் கடக்க வைக்கிறான். நான் அதற்கு 'இளம் தலைவர்' என்று பெயர் வைத்து, படம் போட்டு, கைதட்ட ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். அந்த வேலை பெரியவர்களான எங்களுடையது. வினிஷாவின் காணொலி முடிந்ததும் ஒரு மாணவன் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரோடு பேசினார். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை வைத்தோம். இரு பள்ளிப் பெற்றோரும் சேர்ந்து முறை போட்டுக்கொண்டு, காலையில் ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் நின்று பிள்ளைகளை அழைத்துப் போவது என்று தீர்மானமானது. மறு வாரமே தொடங்கியும் விட்டது. பேருந்தைக் கால்மணி நேரம் முன்னதாக விடக் கேட்டு மனு கொடுத்தோம். அது இன்னும் பழைய நேரத்தில்தான் வருகிறது. அவனுடைய தாமதக் குறிப்புகளைத் தலைமையாசிரியர் ஒப்புதலோடு நீக்கினேன். அவன் அம்மாவிடம் நானே போய்ப் பேசினேன். அவர் பாதியை முன்பே அறிந்திருந்தார் என்பது வேறு கதை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. முறைப்படி ஒரு தாய் வந்து நின்ற முதல் சில நாட்கள் அவன் என்ன செய்வதென்று தெரியாமல் நிறுத்தத்திலேயே நின்றான். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று அந்த அம்மாவின் கையைப் பிடிக்க மறுத்து அவனிடம் ஓடி வந்ததாம். அவனுடைய சுமையை இறக்கினோமா, அவன் பெருமையாக நினைத்த ஒன்றைப் பறித்தோமா என்று எனக்கு இன்றும் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் அவன் கடைசிக் குழந்தை சாலையைக் கடக்கும்வரை இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுத்தான் வருகிறான், இறைவணக்கத்துக்கு வந்துவிடுகிறான்.

நான்காம் பாடவேளையில் மலருக்கான பக்கத்தை முடிவு செய்ய வேண்டும். ஒருவன் பெயர் வேண்டாம் என்கிறான். என்ன செய்யலாம் என்று அவனுடைய ஒப்புதலோடு வகுப்பில் வைத்தேன். 'ஒன்பது பேர் போடலாம்' என்றார்கள் சிலர். 'வேறு ஒருவரைச் சேர்க்கலாம்' என்றார்கள் சிலர். அரை மணி நேரச் சத்தத்துக்குப் பிறகு வந்த யோசனை எனக்குத் தோன்றியிருக்காது. எல்லோருக்குமே பெயரை விட்டுவிட்டு வேலையை எழுதுவது. 'மாலையில் மூன்றாவது குழாயை மூடிவிட்டுப் போகிறவர்.' 'படிக்கத் திணறும் ஏழாம் வகுப்பு மாணவனுக்கு மதியம் எழுத்துக்கூட்டிச் சொல்லித்தருபவர்.' 'சத்துணவில் முட்டை பிடிக்காதவர்களிடம் வாங்கி, பிடித்தவர்களுக்குச் சண்டையில்லாமல் பங்கு வைப்பவர்.' 'காலைப் பேருந்தில் வருபவர்.' மேடையில் பேசிப் பரிசு வாங்கியவரும் அதில் இருந்தார். மாவட்டப் போட்டிக்குத் துணிந்து தனியாகப் போனதும் வேலைதானே என்றார்கள். சரிதான். பெயர் போட விரும்புபவர்கள் கீழே சிறிய எழுத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றோம். பத்தில் நான்கு பேர் போட்டுக்கொண்டார்கள். அச்சுக்குப் போகும் முன் என் பழைய பட்டியலை வகுப்பில் காட்டினேன். இரண்டுக்கும் பொதுவானவர்கள் மூன்று பேர்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஓரிரு குறிப்புகள். இதைத் தேர்வு நெருங்கும் நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் விசாரணைக்கு அலைவதில் நேரம் போகும். சின்ன வகுப்பினரிடம் 'யார் நல்ல தலைவர்?' என்று கேட்டால் வகுப்புத் தலைவன் பெயரைத்தான் எழுதுவார்கள். நானே மற்றொரு பிரிவில் கேட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டது இது. 'யாரிடம் போவாய்?' என்று கேட்கும்போதுதான் வேறு பெயர்கள் வருகின்றன. துண்டுத்தாள்களை ஆசிரியர் மட்டும் முதலில் படித்துவிடுவது நல்லது. யார் பெயரும் எழுதாமல் 'யாரும் இல்லை' என்று இரண்டு குழந்தைகள் எழுதியிருந்தார்கள். அந்த இருவரோடும் பேச எனக்கு இந்தச் செயல்பாடு இல்லாவிட்டால் வாய்ப்பே கிடைத்திருக்காது. பெயர் வெளியிடுமுன் உரியவரிடம் கேட்டுவிடுங்கள்.

இந்த ஆண்டு ஏழாம் வகுப்பில் தொடங்கியிருக்கிறேன். விகடன் பக்கத்தைக் காட்டியதும் முதல் கேள்வி வேறு திசையிலிருந்து வந்தது: "டீச்சர், வயசானவங்களுக்கு இந்த மாதிரி பட்டியல் கிடையாதா?" இரண்டாம் பாடவேளையை அதற்கு ஒதுக்கியிருக்கிறேன்.